பாலிஷ் போடாத திருகாணி

ராஜபாளையத்தில் லேத் ஓட்டியவர்கள் நிறையப் பேர். ஞானதுரை ஒருவர்தான். நான் தொழிற்சங்கம் கட்டிய நூல் மில்லில் அவர் பதினைந்து வருடம் டர்னர், லேத்தில் உலோகம் கடைகிறவர். நூல் படுகிற பாகம் எதுவானாலும் அவர் கையிலிருந்து கண்ணாடியாக வரும். சொரசொரப்பு இருந்தால் பஞ்சு சிக்கும், நூல் அறும். எமரித் தாளில் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் தன் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார். கன்னம் ஒப்புக்கொண்டால்தான் அது மெஷினுக்குப் போகும்.

அவர் மனைவி தங்கபாய்க்கு அதே மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் வேலை. 1990-ல் மெஷின் கைப்பிடி தெறித்துக் கீழ்வரிசைக் கோரைப்பல் போனது. கழற்றி மாட்டுகிற பல் வைத்தார்கள். பேசினால் நழுவியது, சாப்பிட்டால் ஈறைக் குத்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர் ரத்தினம். தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகாணியை இறக்கி அதன் மேல் பல் கட்டலாம் என்றார். வெளிநாட்டுச் சாமான் அப்போது லேசில் கிடைக்காது. உலோகமும் அளவும் தருகிறேன், கடைந்து தருவீர்களா என்று ஞானதுரையிடமே கேட்டார். கடைந்தார். வழக்கம்போல எமரி, வழக்கம்போலக் கன்னம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

நாலு மாதம் எலும்புக்குள் இருந்தது. மேலே பல் கட்டிய மூன்றாம் வாரம் ஆடியது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். திருகாணியைச் சுற்றி மயிரிழை போலக் கறுப்புக் கோடு. எலும்பு ஒட்டாமல் நடுவில் சவ்வு வளர்ந்திருந்தது. சீழ் இல்லை, அளவும் பிசகவில்லை.

"எலும்பு பிடிச்சு வளர மேடு பள்ளம் வேணும், ஞானதுரை. நீங்க வழுக்குப்பாறை செஞ்சு குடுத்திருக்கீங்க."

திருகாணியை எடுத்தாயிற்று. புண் ஆறியதும் இன்னும் ஒரு தடவை செய்யலாம். அதுவும் போனால் அந்த எலும்பு தாங்காது என்றார் டாக்டர். ஞானதுரை வேண்டவே வேண்டாம் என்றார். மில் முதலாளிக்கு அஞ்சாத மனுஷன் மனைவியின் வாய்க்கு அஞ்சினார். முடிவெடுத்தது தங்கபாய்.

"பஞ்சுக்குச் செய்யுத மாதிரி எலும்புக்கும் செஞ்சிட்டிய. இப்ப எலும்புக்குன்னு செய்ங்க. வாயி என்னோடதுதான? நான் தொறக்கேன்."

பல் செட் கட்டும் லேபில், உலோகத்தின் மேல் பொடி மணலைக் காற்றோடு பீய்ச்சும் சின்ன மெஷின் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானதுரை அங்கே போய் நின்றார். திருகு மரை வெட்டிய கழிவுத் துண்டுகளில் பீய்ச்சிப் பார்த்து, டாக்டரின் லென்ஸுக்கடியில் நீட்டினார். ஒன்று ஆழம், ஒன்று திட்டுத்திட்டு. பதினேழாவது துண்டு மரை முழுக்க ஒரே சீராக மங்கியிருந்தது. அதைத் தொட்டபோது உடம்பே கூசியதாம், அரைகுறை வேலையை ஒப்படைக்கிற மாதிரி. புதிதாகக் கடைந்த திருகாணிக்கும் அதே பதம்தான். ஈறு தொடுகிற கழுத்து மட்டும் வழவழப்பாக இருக்கட்டும், அழுக்குத் தங்காது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு மில்லிமீட்டரில் மனுஷன் தன் மொத்த வித்தையையும் காட்டிவிட்டார்.

இந்தத் தடவை ஆறு மாதம் காத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு இல்லை. எலும்பு மரைக்குள்ளேயே புகுந்து வெள்ளையாகப் பிடித்திருந்தது. பல் கட்டினார்கள். ஆடவில்லை.

1997-ல் மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய டாக்டர் தங்கபாய் வாயைப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டுச் சாமான் என்று ரத்தினத்திடம் கேட்டார். தங்கபாய் அவர் கையை விலக்கிவிட்டுத் தானே பதில் சொன்னார்.

"ராஜபாளையம். செஞ்ச ஆளு வெளிய பெஞ்சில உக்காந்திருக்காரு. வேணும்னா கூப்பிடுதேன்."