பத்திரம் மட்டும் பத்திரமாக இருந்தது

கிரேக்க நாட்டுக் கலமாட்டா ஊரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த பொலிக்ஸேனி, தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். முன்பின் தெரியாதவர்களைக்கூட நம்புவாள். நம்பாதது ஒரே ஆளைத்தான்: கூடப் பிறந்த தம்பி அரிஸ்டோமெனிஸை.

அப்பா இறந்ததும், ஒலிவத் தோப்பின் பத்திரம் யார் வீட்டில் இருப்பது என்று சண்டை வந்தது. கடைசியில் வங்கி லாக்கரில் வைத்தார்கள். இருவரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டால்தான் திறக்க முடியும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அப்படியொரு பாசம்.

வருடத்துக்கு ஒருமுறை இருவரும் போய்ப் பத்திரத்தைத் தரிசித்துவிட்டு வருவார்கள். நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் அகப்பட்டவள் வங்கி ஊழியை வாசோ.

“வாசோம்மா, அந்த ஆளைக் கைய எடுக்கச் சொல்லு. எச்சில் தொட்டுப் புரட்டுறான்.”

“வாசோ, அந்தம்மாவைக் கண்ணாடி போட்டுக்கச் சொல்லு. போன வருஷம் தலைகீழா வெச்சுப் படிச்சாங்க.”

“லாக்கர் திறக்கத்தான் எனக்குச் சம்பளம்,” என்பாள் வாசோ.

பதினோரு வருடம் இப்படிப் போனது. பிறகு புதிய நிலப் பதிவேடு தயாரானது. உரிமையாளர்கள் பத்திர நகலைக் கொடுத்துப் பதிய வேண்டும் என்றார்கள். ஊரே வரிசையில் நின்றது. நானும் பொலிக்ஸேனியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“நகல் எடுக்கன்னு வெளிய எடுத்தா, அசலை அமுக்கிடுவான். எனக்குத் தெரியாதா அவனை?”

காப்பிக்கடையில் தம்பியும் அவளைப் பற்றி அதையேதான் சொன்னானாம். என்ன ஒற்றுமை! கெடுவை இரண்டு முறை நீட்டினார்கள். இருவரும் அசையவில்லை.

பதிவேட்டில் தோப்புக்கு நேரே ‘உரிமையாளர் தெரியவில்லை’ என்று ஏறிவிட்டது. இப்படியே விட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

செய்தி கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்ட பொலிக்ஸேனி, என் கைபேசியை வாங்கித் தம்பியை அழைத்தாள்.

“டேய், தோப்பு போச்சுடா.”

“உன்னாலதான்.”

“சரி, என்னாலதான். நாளைக்கு வக்கீல்கிட்ட வர்றியா, இல்லையா?”

மறுமுனையில் அவன், “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டான். அவள் அழுதுவிட்டாள்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. நீதிமன்ற பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து ஒரே குரலில் வக்கீலைத் திட்டினார்கள். தோப்பு கிடைத்தது, ஆளுக்குப் பாதியாக.

அந்த வருட அறுவடை முடிந்ததும் எனக்கு ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்தாள்.

“உலுக்குற காய் விழ மரத்தடியில வலை விரிச்சிருக்கான் பாரு, என் தம்பி! பாதிக் காய் பக்கத்துத் தோப்புல கிடக்குது,” என்றாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.