கிணற்றுக்குள் இருந்து நான் எடுத்த சங்கு

கிணறுகள் வெட்டினேன். கோயில் மதிலுக்கும் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் அத்திவாரக் கல் உடைத்துக் கொடுத்தேன். என் பெண்கள் இருவருக்கும் கல்வீடு கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், ஒருவரும் கை கொடுக்கவில்லை. இன்று கல் பெயர்க்கும் அலவாங்கைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. பாறைக்கு வைத்த வெடிச் சத்தத்தில் ஒரு காதும் போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் இணுவிலில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் கிணறு வெட்டினோம். செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெடி வைக்கக் குழி துளைக்கும்போது பாறைச் சுவரில் ஒரு சங்கு தெரிந்தது. இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டிய அளவு, கல்லோடு கல்லாக இறுகிப்போய். தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வலம்புரியல்லோ. உதுக்கு வெடி வைச்சால் என்ரை குடும்பம் விளங்காது. கிணத்தை மூடுங்கோ."

பாதியில் மூடிய கிணறு என்று ஊர் சொன்னால், பிறகு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? வெடியில்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றேன். கயிற்றில் தொங்கிக்கொண்டு உளியால் சுற்றிவரச் செதுக்கினேன். கீழே நின்ற கூட்டாளிக்குப் பொறுமை இல்லை.

"அண்ணை, உங்களுக்குச் சங்கு ஊதுறதுக்கு முதல் தண்ணியைக் காணுவமோ?"

கண்டோம். சங்கும் ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தது, தண்ணீரும் நல்ல தண்ணீர்.

தோட்டக்காரர் அதை வேப்பமரத்தடியில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். கேள்விப்பட்டு ஒரு கல்லூரி விஞ்ஞான வாத்தியார் வந்தார். இந்த நிலம் முழுவதும் ஒரு காலம் கடலுக்குள் கிடந்தது, அப்போது செத்த உயிரின் கூடு இது, வலம்புரியும் இல்லை என்றார். வலம்புரி இல்லை என்றதும் தோட்டக்காரருக்குப் பக்தி போய்விட்டது. வாத்தியாரையே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் பேத்தியைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் சங்கு. கீழே அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கண்டெடுத்தவர் வாத்தியாராம், அன்பளித்தவர் தோட்டக்காரராம். கல்லூரிக் கந்தோரில் இருந்த எழுத்தரிடம் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"கிணறு வெட்டினவையின்ரை பேரெல்லாம் எழுத ஏலுமே, ஐயா?" என்றார் அவர்.

வாதாட எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கல்லூரிக்கு இதை எழுதுகிறேன். வாத்தியாரின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அது என்னவென்று சொன்னவர் அவர்தான். ஆனால் கிணற்றுக்குள் அவர் இறங்கவில்லை. பாறையிலிருந்து உடையாமல் வெட்டி எடுத்தவன் நான். அதையும் என் பெயரோடு எழுதுங்கள். அந்த அட்டையில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.