சிவப்பு நட்சத்திரம் வைத்த கட்டம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. சுருளிராஜனுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

உத்தமபாளையத்தில் ஒரு திராட்சைக் கம்பெனி ஆபீஸில் அவனுக்கு வெப்சைட் வேலை. தோட்டத்தில் பூச்சிமருந்தடித்து உடம்பு கெட்டுப்போன கூலியாட்கள் போனிலேயே புகார் கொடுக்க ஒரு ஃபார்ம் வேண்டுமென்று வெளிநாட்டில் பழம் வாங்குகிறவன் கேட்டிருந்தான். பெயர், ஊர், கைநாட்டுப் போட்டோ என்று ஒவ்வொரு கட்டமாக இழுத்து வைத்திருந்தான் சுருளிராஜன்.

முதலாளி சுந்தரலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏலே சுருளி, கைநாட்டுக் கட்டம் எதுக்கு? தூக்கு. கையெழுத்தக் கட்டாயமாக்கு."

"மருந்தடிக்கிறவுகள்ல பாதிப் பேருக்கு எழுதத் தெரியாதுண்ணே."

"தெரிஞ்சுதான்லே சொல்றேன்!"

சிரித்தபடி குப்பைக்கூடையில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனார். அது விளிம்பில் பட்டு நூலாக வழிந்தது. சுருளிராஜனின் அம்மா ராமுத்தாயும் கைநாட்டுதான். மருந்தடிக்கத்தான் போகிறாள். ஆனாலும் வேலை போய்விடுமே.

மணி 2.05. கட்டத்தை டிலீட் செய்து சேவ் கொடுத்தான்.

2.07. கட்டம் திரும்ப வந்திருந்தது. மறுபடி எடுத்தான்.

2.09. மறுபடி இருந்தது. இப்போது பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்துக்கு வைப்பது. அவன் வைக்கவில்லை.

அப்போதுதான் அந்த நாற்றம்... அழுகிய திராட்சையும் மருந்தும் கலந்து, தொண்டையில் ஒட்டுகிற நாற்றம்.

2.14. டிங்.

ஒரு புகார் வந்திருந்தது. ஃபார்மை அவன் இன்னும் வெளியிடவே இல்லை.

பெயர் இல்லை. ஊர் இல்லை. போட்டோ மட்டும். ஒரு கட்டைவிரல். ஈர மை. நகத்தடியில் சீழ். தோல் திராட்சைத் தோல்போல் உரிந்து தொங்கியது.

டிங்... டிங்...

அதே விரல். ஒவ்வொன்றிலும் இன்னும் கிட்டத்தில்.

பின்னந்தலையில் ஏதோ தேய்த்தது. ஈரமாக. கைநாட்டு வைத்தவர்கள் விரல் மையைத் தலைமுடியில் துடைப்பார்களே... அப்படி.

திரும்பினான். யாருமில்லை.

தலையைத் தொட்டான். கையெல்லாம் மை.

கட்டத்தை அப்படியே விட்டு, 'பப்ளிஷ்' அழுத்திவிட்டு ஓடினான். படியிலேயே வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"கூட மருந்தடிச்ச அக்கம்மா போயிட்டாடா. ரெண்டு மணிக்கே உசிரு போச்சுன்னு டாக்டர் சொன்னாக. எங்கன போயி புகார் குடுக்கன்னு ஒரு வாரமா கேட்டுட்டே கெடந்தா..." மூக்கைச் சிந்தினாள். "கட்டைவிரலெல்லாம் மைடா. தோட்டத்துல மை ஏது?"

மறுநாள் காலை 9.20. கட்டத்தை எடுக்காததற்குக் கத்திக்கொண்டே வந்த சுந்தரலிங்கம், பூட்டிக் கிடந்த தன் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே புது மைப்பெட்டி. கவர் பிரிக்காதது.

பிரித்தார்.

மையின் நடுவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். அதில் ஒட்டியிருந்தது, உரிந்த தோல்.