டேப் ஒட்டாத பிரேமும் மாதா கொடியும்

ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் நான் மை இழுத்த நேரத்தைவிட, அந்த மை எந்த ஓரத்தில் ஒழுகுமோ என்று பயந்த நேரம்தான் அதிகம். இதே தொழிலில் நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்புமாகிப் போன என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. கடை சாந்தன்பாறை பஜாரில்.

பைக்குப் பார்டர்

பிரேம் என்கிற மரச்சட்டத்தில், மை இறங்குவதற்காக இழுத்துக் கட்டின வலைத்துணிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும். மை அது வழியாகத்தான் கள்ளத்தனமாக இறங்கும். அதுக்காக நாலு பக்கமும் பிரவுன் டேப் ஒட்டுவோம். எங்க மலையில் சாரல் பிடித்துவிட்டால் டேப்புக்குப் பிடிமானமே கிடையாது. ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும்.

அப்படி ஒரு சாரல் நாளில் ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தருக்குத் துணிப்பை அடித்தேன். பாதிப் பைகளில் ஓரமாக நீலக்கோடு. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "நான் பைதானக்கா கேட்டேன். நீங்க சேலை மாதிரி பார்டரும் போட்டுல்ல வச்சிருக்கீங்க!"

மந்திரிச்ச துணி

பை போனால் வேறு பை தைக்கலாம். அடுத்து வந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிற செல்வராணி, ஒரு வெள்ளைத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மாதா திருவிழாவுக்குக் கொடி. அதில் மாதா படம் அடிக்க வேண்டும். மகளுக்கு ரெண்டு தடவை கலைந்து போய், இப்போது நிறைமாசம். அதுக்கு நேர்ந்த கொடி.

"எதுக்கும் ஒரு துணி கூடக் கொண்டாம்மா" என்றேன். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்துவிட்டாராம், மாற்றக் கூடாதாம். வெள்ளிக்கிழமை கொடியேற்றம். வெளியே பார்த்தேன், எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அக்கா, இதுல ஒரு பொட்டு மை சிந்துனாலும் எம்மக வயித்துல சிந்துன மாதிரிதான் எனக்கு."

மெழுகுதிரி

டேப்பை நம்பி அந்தத் துணியில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இடுக்கையே ஒரேயடியாக அடைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. என்னோடு மை இழுக்கிற அந்தோணி, மெழுகுதிரியை உருக்கி ஊற்றலாம் என்றான். ஊற்றினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழைய லுங்கியை விரித்து ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு இழுத்ததும் மெழுகு படபடவென்று பெயர்ந்து மையில் மிதந்தது. அந்தோணி எட்டிப் பார்த்தான்: "இதுக்கு அந்தத் திரிய மாதாவுக்கே பொருத்தி வச்சிருக்கலாம்க்கா."

பாப்பு சேட்டனின் ஸ்டோர்

அடுத்து ஹார்டுவேர் கடையில் கேட்டதும் கதவுக்கு அடிக்கிற வார்னிஷைக் கொடுத்தார்கள். வலைத்துணியும் மரமும் சேருகிற இடத்தில் உள்ளேயும் வெளியேயும் பிரஷ்ஷால் தடவினேன். நல்லாப் பிடித்தது. ஆனால் காய்ந்தால்தானே! புதன்கிழமை விரல் வைத்தால் பிசுக்கு, வியாழக்கிழமை காலையிலும் அதே பிசுக்கு. நான் பிரேமைத் தொட்டுத் தொட்டே தேய்த்துவிடுவேன் என்று அந்தோணி அதைத் தூக்கி மேலே மாட்டிவிட்டான்.

இந்த மலையில் ஈரமில்லாத இடம் ஒன்றுதான் உண்டு, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். பிரேமை ஜீப்பில் வைத்துக்கொண்டு அங்கே ஓடினேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பாப்பு சேட்டன், காய் உள்ளே இருக்கும்போது கதவையே திறக்க மாட்டேன் என்றார். நியாயம்தான், அது அவர் முதலாளி சரக்கு. காயை அள்ளிய பிறகும் அறை கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும், அப்போது வைத்துக்கொள் என்றார். மத்தியானம் வரை வாசலிலேயே காத்துக் கிடந்தேன். வைத்த பிறகு வேறு பயம்: சூட்டில் மரம் வளைந்தால்? வலைத்துணி தளர்ந்தால்? நான் உள்ளே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்: "சேச்சி, வார்னிஷ் மணம் அடிச்ச ஏலக்காய ஒரு வியாபாரியும் எடுக்க மாட்டான். ஏலக்காய் மணம் அடிக்கிற கொடிய மாதாவு வேண்டாம்னு சொல்லுமோ?"

ஒரே இழுப்பு

பிரேம் கண்ணாடி மாதிரிக் காய்ந்து, ஏலக்காய் வாசத்தோடு வந்தது. சாயங்காலம் லுங்கியில் அடித்துப் பார்த்தோம், ஓரம் சுத்தம். இருந்தாலும் அந்தோணி டேப்பைக் கையில் எடுத்தான். ஈரத்தில் அந்த டேப்பே மையோடு கழன்று துணியில் விழுந்தால்? வேண்டாம் என்றேன்.

கொடியை விரித்து, பிரேமை வைத்து, ஒரே இழுப்பு. பிறகு தூக்க வேண்டும். ரெண்டு பேரும் தூக்காமல் நிற்கிறோம். கொடியை வாங்க வந்த செல்வராணி சுவர்ப் பக்கம் திரும்பி ஜெபமாலை உருட்டுகிறாள். தூக்கினோம். நடுவில் மாதா, சுற்றிலும் வெள்ளை. காய்ந்த பிறகு செல்வராணி நாலு ஓரத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் கொடி ஏறியதும் பனி மூடிவிட்டது. கீழே இருந்து கம்பம்தான் தெரிந்தது, கொடி தெரியவே இல்லை. இத்தனை பாடுபட்டும் யார் கண்ணிலும் படவில்லையே என்று அண்ணாந்தே நின்றேன். செல்வராணி என் கையைப் பிடித்தாள்: "தெரியாட்டி என்னக்கா, அது சுத்தமா இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

மோந்து பார்த்தவள்

அப்புறம் ஒரு நாள் செல்வராணி, அடிக்கக் கொடுத்திருந்த ஞானஸ்நானக் கார்டை வாங்க வந்தாள். பேரன் பிறந்திருந்தான். தோளில் கிடந்தவன் என் மை டப்பாவையே முறைத்தான். கார்டை வாங்கினவள் எழுத்தையும் பார்க்கவில்லை, ஓரத்தையும் பார்க்கவில்லை. மூக்கில் வைத்து மோந்தாள். "என்னக்கா இது, ஏலக்காய் வாசமே காணோம்? அந்த பிரேம்ல அடிக்கலயா?"

இப்போது என் கடையில் எல்லா பிரேமுக்கும் ஓரம் அடைத்தாயிற்று, டேப் செலவும் பாதியாகிவிட்டது. ஆனால் பிரேமைத் தூக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நிறுத்துகிற வார்னிஷ் மட்டும் எந்த ஹார்டுவேர் கடையிலும் இல்லை.