சிவகாமியின் கண்களைக் காத்துக் கொடுத்த வைத்தியநாதர்

எனக்குக் கல்யாணமான மறுவருஷமே அடிவயிற்றில் வலி தொடங்கிவிட்டது. மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமியை நம்பியிருக்கும் சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இது பெண்கள் வாய்விட்டுப் பேசக்கூடாத சங்கதி என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நான் இத்தனை இழந்திருக்க மாட்டேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். என் வீட்டுக்காரர் பஞ்சு வாங்கி வண்டிகளில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். ஒரு தடவை போனவர் வழக்கத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் வைத்தியர் வீட்டுக்கு நடந்தார். உப்பில்லாத பத்தியச் சோறு சாப்பிட்டார். என்ன என்று கேட்டேன். "வெயில்ல அலைஞ்சது, உஷ்ணம் ஏறிப்போச்சு" என்றார். நான் நம்பினேன். புருஷன் சொன்னதை நம்பாமல் இருக்க எனக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. நீர் பிரியும்போது நெருப்பாக எரிந்தது. வெள்ளை பட்டது, சேலையில் மஞ்சளாகக் கறை பிடித்தது. பிறகு காய்ச்சல். அடிவயிற்றில் கையை வைக்க முடியாது. மாமியாரிடம் சொன்னேன். அவர் சோற்றுக்கற்றாழையை அலசிக் கொடுத்தார். "சூடுதான் ஏட்டி. பொம்பளைக்கு இதெல்லாம் உள்ளதுதான். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார். சில வாரத்தில் காய்ச்சல் விட்டது. வலி மட்டும் வருவதும் போவதுமாக உள்ளே தங்கிவிட்டது.

பிள்ளை உண்டாகவில்லை.

மாசம் தவறாமல் மடவார் வளாகத்துக்கு வந்தேன். தாய் வர முடியாத இடத்தில் தாயாக வந்து பிரசவம் பார்த்த சுவாமி அல்லவா? என் மடியிலும் ஒன்றைப் போட மாட்டாரா என்று தொட்டில் கட்டினேன். மண்சோறு சாப்பிட்டேன். வளைகாப்பு வீட்டுக்குப் போனால் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். பிறகு அழைப்பதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் மாமியார் சுந்தரபாண்டியத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தார். செண்பகம் என்று பெயர். வெள்ளந்தியான பெண். தாலி கட்டிய அன்றைக்கே என் காலில் விழுந்து, "அக்கா, என் மேல கோவப்படாதிய" என்றாள். கோபம் எங்கிருந்து வரும்? குற்றம் என் வயிற்றில்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமே செண்பகம் முழுகாமல் இருந்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சுவாமிக்கு நன்றி சொல்ல வந்தேன். சார்வரி வருஷம், ஆனி மாதம். பிரகாரத்தைச் சுற்றும்போது வயிற்றுக்குள் கத்தியைச் செருகியது போல ஒரு வலி. அப்படியே தரையில் சாய்ந்துவிட்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. "வைத்தியநாதா, பிள்ளையும் வேண்டாம், இந்த வலியிலிருந்து என்னை எடுத்துவிடு" என்று கதறினேன். அவரிடம் நான் பிள்ளையைத் தவிர வேறொன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூக்கட்டும் பெண்கள் என்னை வண்டியில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் அங்கே பெண்களைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பட்டணத்தில் படித்தவர். கிறிஸ்து வேதக்காரர். எனக்கு மயக்க மருந்து கொடுத்து, உள்ளே கட்டியிருந்த சீழை வடித்தார். உயிர் தங்கியது. காய்ச்சல் இறங்கிய பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் எப்போது வலி வந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தூத்துக்குடிப் பயணத்தையும் பத்தியத்தையும் சொன்னேன். 

"அது சூடு இல்லம்மா. வெட்டை நோய். கண்ணுக்குத் தெரியாத கிருமியால வாரது. உன் வீட்டுக்காரர் வெளியில வாங்கிட்டு வந்து உனக்குக் கொடுத்துட்டார்."

"அவியளுக்குத்தான் சரியாப் போச்சே?"

"எரிச்சல் நின்னுருக்கும். கிருமி போயிருக்காது. உனக்கு அது மேல ஏறி, கருப்பைக்குப் போற குழாய் ரெண்டும் புண்ணாகி ஒட்டிப் போச்சு. கரு போக வழியில்ல."

"தொறக்க முடியாதாம்மா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஒருவேளை தடுத்திருக்கலாம். இப்ப எனக்கு வழி தெரியல."

நான் அழவில்லை. அழுகை வரவில்லை. நான் சுற்றிய அரசமரங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. என் கூடப் பிறந்தவர்கள்கூட ராசி கெட்டவள் என்று சொன்னது காதில் கேட்டது. எனக்கு ஒரு நோய் இருந்தது. அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர்கூட இருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பிறகு டாக்டரம்மா, வீட்டில் வேறு பெண் உண்டா என்று கேட்டார். செண்பகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பிள்ளை பிறந்து வரும்போது தாய் உடம்புல இருக்கற கிருமி அது கண்ணுல படும். சில நாள்ல கண் சீழ் பிடிக்கும். பார்வையே போயிரும். பிறந்த உடனே வெள்ளி மருந்து ஒரு சொட்டு விட்டா தப்பிச்சிரும். அந்தப் பொண்ணை என்கிட்ட கூட்டிட்டு வா. முடியலன்னா எனக்குச் சொல்லி அனுப்பு, நான் வாரேன்."

வீட்டுக்கு வந்ததும் செண்பகத்தைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "எரியுதா?" தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாணமானதுலருந்தே எரியுதுக்கா. அத்தை சூடுன்னாவ." 

மாமியாரிடம் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க முடியவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று செண்பகத்தைச் சுந்தரபாண்டியத்துக்கு அனுப்பிவிட்டார். ஆகவே என் வீட்டுக்காரரைப் பார்க்கப் பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கிக்குப் போனேன். நான் அங்கே போனதே கிடையாது. ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னவென்று கேட்டார்.

"தூத்துக்குடியிலருந்து வந்தப்ப உங்களுக்கு வந்தது உஷ்ணம் இல்ல. டாக்டரம்மா சொல்லிட்டாவ."

அவர் முகம் வெளுத்தது. "எவ அவ? வேதக்காரி பேச்சைக் கேட்டு எங்கிட்ட கேள்வி கேக்க வந்துட்டியா?"

"எனக்கு இனிமே பிள்ளை இல்ல. அதைப் பேச வரல. செண்பகம் பிள்ளைக்குக் கண்ணு போயிரும். பிரசவத்துக்கு டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வரணும். நீங்க சொன்னாத்தான் அத்தை கேப்பாவ."

"ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்படித் தலை காட்டுறது?"

"நான் மலடின்னு ஊர் பூராத் தெரியும். நான் தலை காட்டலையா?"

 பஞ்சுப் பொதியில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். நான் வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே விருதுபட்டிக்குச் சரக்கோடு போய்விட்டார் என்று ஆட்கள் சொன்னார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. செண்பகத்துக்குத் துணையாக நானும் மாமியாரும் சுந்தரபாண்டியத்துக்குப் போயிருந்தோம். நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தபோதே ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. ஆற்றில் வெள்ளம். அந்தப் பக்கம் ஆள் அனுப்ப வழியில்லை.  வீட்டுக்குப் பின்னால் போய், மழையிலேயே, மடவார் வளாகம் இருக்கிற திசையைப் பார்த்து விழுந்தேன்.

"சுவாமி, எனக்காக நான் வேண்டியது எதுவும் நடக்கவில்லை. அதற்காக உன்னை நோகமாட்டேன். இது எனக்கில்லை. தாய் வராத இடத்துக்கு நீ வந்தாய். இன்றைக்கு டாக்டரம்மா வராத இடம் இது. வா."

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. தெருவில் ஆள்களின் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் சேறும் தண்ணீருமாக டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். பின்னால் மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். விருதுபட்டியிலிருந்து திரும்பியவர் வீட்டுக்குப் போகாமல், காலையில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தன் நோயைத் தானே வாய்திறந்து சொல்லியிருக்கிறார். ஆற்றங்கரையில் வண்டி நின்றுபோக, ஊர்க்காரர்களைக் கயிறு பிடிக்கச் சொல்லி, டாக்டரம்மாவைக் கரையேற்றிவிட்டுத் தான் பெட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்திருக்கிறார்.

மாமியார் வாசலை மறித்தார். "வேதக்காரியை உள்ள விடமாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஆத்தா, நான் செஞ்ச வினை இது. வழியை விடு." தலையில் பெட்டியோடு, மழையில், அழுதுகொண்டு நின்றார். மாமியார் விலகினார்.

பிரசவம் பார்க்க வந்திருந்த உள்ளூர் மருத்துவச்சியும் டாக்டரம்மாவைத் தடுக்கவில்லை. "நான் எடுத்த பிள்ளையிலயே சிலதுக்குக் கண்ணு சீழாப் போச்சு. அம்மை பாத்துருச்சுன்னு நெனச்சேன். நீங்க ஊத்துங்க தாயி" என்று இடம் கொடுத்தாள். பெண் குழந்தை பிறந்தது. துடைத்த கையோடு டாக்டரம்மா இமையைப் பிரித்துக் கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. மறுநாள் கண் சிவந்து வீங்கியது. நாங்கள் எல்லோரும் பயந்துவிட்டோம். மருந்தால் வந்த சிவப்புதான், இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. இறங்கியது. சீழ் வரவில்லை. ஒரு நாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தபோது அந்தக் குழந்தை விளக்கோடு கூடவே பார்வையைத் திருப்பியது. அன்றைக்குத்தான் நான் அழுதேன். வருஷக்கணக்கில் தேங்கிய அழுகை எல்லாம் வந்தது.

சிவகாமி என்று பெயர் வைத்தோம். செண்பகத்துக்கு அதற்குப் பிறகு நெடுநாள் காய்ச்சல் இருந்தது. டாக்டரம்மா எவ்வளவோ பார்த்தார். அவளுக்கும் மறுபடி கரு தங்கவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டார். எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். தூத்துக்குடிப் பயணத்தை விட்டார். மாமியார் என்னிடம் எதையும் கேட்கவில்லை; ஆனால் அதன் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் என்னைக் கூட்டிக்கொள்ளாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சுவாமி ஏன் எனக்கு முன்னமே வழிகாட்டவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. பதில் தெரியாது. ஆனால் அன்று மழையில் நான் கூப்பிட்டபோது அவர் வந்தார். ஒரு வேதக்கார அம்மாவின் கையாக வந்தார். என் புருஷனின் வெட்கத்தை உடைத்துக்கொண்டு வந்தார். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

இப்போது சோமவாரம் தோறும் நான் சந்நிதிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். தொட்டில் கட்ட வரும் புதுப்பெண்களிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கிறேன். எரிச்சல் உண்டா, வெள்ளை படுகிறதா என்று கேட்டால் முதலில் முகத்தைத் திருப்புகிறார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சூடு என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வைத்தியநாதரை நம்பி அவளைக் கூட்டிவாருங்கள். கும்பிட்ட கையோடு டாக்டரம்மாவிடமும் கூட்டிப்போங்கள். அவள் புருஷனையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். வர மாட்டேன் என்பார். அதற்காகவும் சுவாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அதை அவர் செய்வார். நான் கண்ணால் பார்த்தேன்.