ஏவிஸ் மவுன்ஸியின் நான்கு ஸ்கோன்கள்

ஏவிஸ் மவுன்ஸியின் மேல் விழுந்த குற்றச்சாட்டு இதுதான்: போன வருஷத்து ஊர்க் கண்காட்சிப் போட்டியில் அவள் வைத்த நான்கு ஸ்கோன்களும், தேநீரோடு தின்கிற அந்தக் குட்டி வட்ட ரொட்டிகள், ஒன்றுபோல் இருந்தன. உயரம் ஒன்று, நிறம் ஒன்று, இடுப்பைச் சுற்றி ஓடும் வெடிப்புக்கூட ஒரே மட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மாள் அளவுகோலை வைத்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு முதல் பரிசு அட்டையைத் தட்டின்மேல் சாய்த்து வைத்தார். பதினெட்டு வருஷமாக மூன்றாவதும் ஆறுதலுமாக வாங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்த முதல் முதல்பரிசு. ஒரு வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வாரம் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

யோசித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவள் ஹேசல் பர்கெட். இரண்டாம் பரிசு அவளுடையது. தபால் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி எல்லோருக்கும் சொன்னாள்: "வீட்டு அடுப்புல சுட்டது அச்சடிச்ச மாதிரியா இருக்கும்? கார்லைல் டவுன்ல எத்தனை பேக்கரி இருக்கு. நான் யாரையும் சொல்லல."

கம்பர்லாந்தின் அந்த மலையோர ஊரில் ஒரு பெண்ணுக்கு நிறைய மன்னிப்பு உண்டு. புருஷனை விட்டு ஓடலாம், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரலாம். வருஷக்கணக்கில் கோயில் பக்கம் தலைகாட்டாமலும் இருக்கலாம். கடையில் வாங்கிய ஸ்கோனைத் தான் சுட்டதாகச் சொன்னவளுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. ஏவிஸுக்கு அறுபத்திரண்டு வயது. அவளுடைய பயம் பரிசைப் பற்றியது அல்ல. இந்த ஊரில்தான் சாகப்போகிறாள். அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் தேநீரோடு உட்காருகிறவர்கள் "பாவம், நல்ல பொம்பளை, ஆனா ஸ்கோன் கடைச் சரக்கு" என்று பேசுவார்கள். அதை மறுத்துப் பேச அப்போது அவள் இருக்கமாட்டாள்.

ஜூலையில் கண்காட்சிக் கமிட்டி கடிதம் அனுப்பியது. ஒன்று, பரிசு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இனிமேல் போட்டிக்கு வராமல் இருக்கலாம். அல்லது தன் வீட்டு அடுப்பில், இரண்டு சாட்சிகள் பார்க்க, கமிட்டி கொண்டுவரும் எட்டு அவுன்ஸ் மாவில் ஒரே ஒரு தடவை சுட்டு, ஒன்றுபோல் நான்கு எடுத்து வைக்கவேண்டும். சாட்சிகள்: செயலாளர் கிளிஃபோர்ட் டீஸ்டேல், ஹேசல் பர்கெட். குற்றம் சொன்னவளையே சாட்சியாகப் போட்டால்தான் நியாயமாக இருக்கும் என்று கமிட்டிக்குத் தோன்றியிருந்தது.

கடிதத்தைப் படித்ததும் ஏவிஸின் கண் "ஒரே ஒரு தடவை" என்ற இடத்தில் போய் நின்றது.

பதினைந்து வயதில் கார்லைல் பிஸ்கட் ஆலைக்குப் போனவள் அவள். நாற்பத்து நான்கு வருஷம் அங்கே இருந்தாள். ஒரு பிஸ்கட்கூடச் செய்ததில்லை. நகரும் பட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, கோணலானதையும் கருகியதையும் அரை நூல் பெருத்ததையும் பொறுக்கி எறிவது வேலை. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் ஓடுகிற பிஸ்கட்டுகளில் தப்பான ஒன்று வந்தால், மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். வேலை விட்டு மூன்று வருஷம் ஆகியும் கை ஓயவில்லை. துணி உலர்த்தினால் நீளவாரியாக. உருளைக்கிழங்கு பருமன் வாரியாக. பிஸ்கட் மட்டும் வாயில் வைக்கமாட்டாள்.

ஸ்கோன் போட்டிக்கும் அவள் செய்தது அதுவேதான். போன வருஷம் காலையிலிருந்து மாலைவரை நாற்பத்தெட்டு ஸ்கோன் சுட்டு, நாற்பத்து நான்கைப் பொறுக்கி எறிந்தாள். மிச்சம் நான்கு. எறிந்ததைப் புருஷன் கோர்டனும் அவருடைய கோழிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தட்டில் நான்கு வைக்கவேண்டும் என்பதுதான் விதி. எத்தனை சுட்டு என்று விதியில் இல்லை, யாரும் கேட்டதுமில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யா என்ற குழப்பம் அவளுக்கு ஒரு வருஷமாக இருந்தது. இப்போது அது பெரிய விஷயம் அல்ல. எட்டு அவுன்ஸ் மாவில் எட்டு ஸ்கோன் வரும். எட்டில் நான்கு ஒத்துப்போனதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தார்கள். டீஸ்டேல் சந்தையில் செம்மறியாடு ஏலம் விட்டே கிழவரானவர். மாவுப் பொட்டலத்தைக் கோர்ட்டுச் சாட்சிப் பொருள் மாதிரி மேஜைமேல் வைத்தார். ஹேசல் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். கோர்டன் கோழிக்கூட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

"விதி ஒண்ணுதான்," என்றார் டீஸ்டேல். "சுடுறவங்களுக்கு யாரும் ஒத்தாசை பண்ணக்கூடாது, பேச்சு கொடுக்கக்கூடாது. ஹேசல், உங்களைத்தான் சொல்றேன்."

"நான் ஏன் பேசப்போறேன்? எனக்குக் கண்ணு போதும்."

ஏவிஸ் குழாய்த் தண்ணீரில் கையைக் குளிரவைத்தாள். சூடான கை வெண்ணெயை உருக்கிவிடும். பேக்கிங் பவுடர் கலந்தே விற்கிற மாவில் சிட்டிகை உப்பு, இரண்டு அவுன்ஸ் குளிர்ந்த வெண்ணெய். விரல் நுனியால் அள்ளி, உயரத் தூக்கி, தேய்த்து உதிர்த்தாள். வழக்கமாக இந்த வேலையில் மனசு அடங்கும். இன்று ஹேசலின் பார்வை விரல்மேல் ஈ மாதிரி உட்கார்ந்திருந்தது. சர்க்கரை போட்டாள். பாலை ஊற்றிக் கத்தியால் கிளறினாள். ஒரு கரண்டி கூடிவிட்டது. மாவு கையில் பிசுக்கென்று ஒட்டியது.

ஹேசல் மூக்கால் மூச்சு விட்டாள்.

"ஹேசல்," என்றார் டீஸ்டேல்.

"மூச்சு விடக்கூடாதா?"

"மெதுவா விடுங்க."

பலகையில் மாவைத் தூவி, மாவு தேய்க்கும் கட்டையைத் தொடாமல், உள்ளங்கையாலேயே ஓர் அங்குல கனத்துக்குத் தட்டினாள். வட்ட அச்சை மாவில் தோய்த்து நேராக அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் ஈரமாவு அச்சைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு சுடுகிறவளாக இருந்தால் அதை விட்டுத்தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவாள். இன்று விடமுடியாது. மணிக்கட்டு தானாகத் திரும்பப் போனது.

"திருகாதடி!" என்று ஹேசல் கத்தினாள்.

ஏவிஸின் மணிக்கட்டு பாதியில் நின்றது. அச்சைத் திருகினால் ஓரம் அடைபட்டு ஸ்கோன் ஒருபக்கமாகச் சாய்ந்து எழும். ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கத்தியது, ஏவிஸ் சாயவேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தவள்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் ஹேசல். கன்னம் சிவந்துவிட்டது. "வாய் தானா வந்திருச்சு. நல்ல மாவு அது. எவ கையில இருந்தா என்ன?"

டீஸ்டேல் பென்சிலை நோட்டுப் புத்தகத்தின் மேல் தூக்கிப் பிடித்து யோசித்தார். "வெளிய கோழி ஏதோ கத்துச்சு. நீங்க வெட்டுங்க, ஏவிஸ்."

அச்சை நேராக மேலே இழுத்தாள். ஆறு வந்தது. மிச்ச மாவைச் சேர்த்துத் தட்டியதில் இன்னும் இரண்டு. மேலே மட்டும் பால் தடவினாள். ஒன்றில் துளி ஓரமாக வழிந்தது. அடுப்பின் கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு நிமிஷம்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் யாரும் தேநீர் கேட்கவில்லை. அந்த ஊரில் அது இழவு வீட்டில்கூட நடக்காத காரியம். டீஸ்டேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹேசல் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். ஏவிஸ் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். மணம் வந்தது. நல்ல மணம்தான். மணத்தை அளவுகோலால் அளக்கமுடியாது.

கதவைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். எட்டு. கடைசி மாவில் செய்த இரண்டும் முண்டும் முடிச்சுமாக இருந்தன. பால் வழிந்தது ஒருபக்கமாகக் குனிந்திருந்தது. மற்ற ஐந்தும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அவள் கை தட்டின்மேல் ஒரு தடவை போய்வந்தது. நான்கு ஒதுங்கின, நான்கு நின்றன.

டீஸ்டேல் அளவுகோலை வைத்தார். முதல் மூன்றும் ஒரே உயரம். நான்காவது கால் அங்குலம் குறைவு. அவர் மறுபடி அளந்தார். கால் அங்குலம் அங்கேயே இருந்தது.

"ம்," என்றார்.

"அப்ப?" என்றாள் ஹேசல். குரலில் அவள் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் இல்லை.

ஏவிஸ் மாவுக் கையைத் துடைத்தாள். "எழுதுங்க கிளிஃபோர்ட். ஒரே தடவையில என்னால முடியாது. எப்பவும் முடிஞ்சதில்ல. போன வருஷம் நான் நாப்பத்தெட்டு சுட்டேன். அதுல நாலு பொறுக்கினேன். எல்லாம் இந்த அடுப்புதான், இந்தக் கைதான். கடைக்குப் போகல. ஆனா நாப்பத்தெட்டு."

டீஸ்டேல் பென்சிலைக் கையில் எடுத்தார்.

"நாப்பத்தெட்டுதானா?" என்றாள் ஹேசல்.

"ஆமா."

"எனக்கு அறுபது." சொன்ன பிறகுதான் டீஸ்டேல் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வந்தது வந்துவிட்டது. "அறுபது சுட்டும் எனக்கு நாலு ஒத்து வரல. நாலு நாளு முழிச்சுப் பார்த்தாலும் எது எதோட ஜோடின்னு தெரியாது. அதனாலதான் சொன்னேன், கையால முடியாத காரியம்னு. பொறாமையில சொல்லல. கொஞ்சம் பொறாமைதான்."

டீஸ்டேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கிட்ட இருநூறு ஆடு இருக்கு. கண்காட்சிக்கு மூணை ஓட்டிட்டுப் போறேன். மந்தையோட வான்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல."

ஹேசல் எழுந்தாள். "எனக்கு ஒண்ணு பார்க்கணும். திரும்பி நில்லு, ஏவிஸ்."

ஏவிஸ் பொறுக்கியிருந்த நான்கின் அடியிலும் டீஸ்டேல் பென்சில் முனையால் ஒரு புள்ளி குத்தினார். ஹேசல் எட்டையும் கலைத்து, சுற்றி, இடம் மாற்றி, குனிந்ததைத் தட்டின் விளிம்போரம் நிமிர்த்தி வைத்தாள். "இப்பத் திரும்பு."

ஏவிஸ் திரும்பினாள். கண் தட்டுக்கு வருவதற்குள் கை வந்துவிட்டது. நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம். ஹேசல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி. நான்காவதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். இப்படிப் பொறுக்கத் தெரிந்த கை இருக்கிறவள் கடைக்குப் போகவேண்டியதில்லை.

"சாட்சி கையெழுத்து எங்க போடணும்?" என்றாள்.

டீஸ்டேல் எழுதியது ஒரே வரி: தன் கையால் சுட்டது. உயரத்தைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. கமிட்டியும் கேட்கவில்லை, கமிட்டியில் இருந்த ஐந்து பெண்களில் நான்கு பேர் போட்டிக்குச் சுடுகிறவர்கள்.

ஆனால் ஊர்வாயை அடைக்க அந்த ஒரு வரி போதாது. அதை ஹேசல்தான் அடைத்தாள், அவள் பாணியில். மறுநாள் தபால் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி எல்லோருக்கும் சொன்னாள்: "அவளேதான் சுடுறா. என் கண்ணால பார்த்தேன். நாலு எடுக்க நாப்பத்தெட்டு! முக்கால் பவுண்டு வெண்ணெய் கோழிக்குப் போகுது. இப்படி ஒரு ஊதாரியை நான் பார்த்ததே இல்ல." தன் அறுபதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏவிஸும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெண்ணெய்த் தாளைக்கூட வழித்து எடுக்கிற அந்த ஊரில் ஊதாரி என்பது சின்னப் பெயர் அல்ல. ஆனால் ஏவிஸுக்கு வருத்தம் தோன்றவில்லை. இந்தக் குற்றச்சாட்டு உண்மை. அதுவரை யாருக்கும் கணக்குத் தெரியாதபடி மூன்று கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாவு வாங்கிவந்தவள், வெள்ளிக்கிழமை காலை ஊர்க்கடையிலேயே போய், எல்லார் காதிலும் விழும்படி, நான்கு பவுண்டு மாவு கேட்டாள்.