கழுவித் தந்த கெளுத்தி

பெட்டியைத் திறந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு கெளுத்திகள். குடல் இல்லை, செவுள் இல்லை, ஈரல் இல்லை. உப்பும் மஞ்சளும் தடவி வரிசையாக அடுக்கியிருந்தார் ஏழுமலை.

"இன்னா சார் அப்டி பாக்குறீங்க? ஆபீஸுக்குப் போற மீனு, கயுவாம குடுப்பனா? எங்க வூட்டுக்காரி காலைலேர்ந்து குந்திக்கினு சுத்தம் பண்ணா."

அப்போது நான் கள்ளக்குறிச்சி மீன்துறை அலுவலகத்தில் களப்பணியாளன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம். ரிஷிவந்தியம் பக்கத்து ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஏழுமலை. மழைக்குப் பிறகு அங்கே மீன் செத்து மிதக்க, அவர்தான் விஷம் கலந்து பிடிக்கிறார் என்று புகார் போய்விட்டது. எங்கள் இன்ஸ்பெக்டர் கறாராகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள லேப் ரிப்போர்ட் வரலைன்னா குத்தகை கேன்சல்."

என் சந்தேகம் வேறு. ஏரிக்கு வரும் வாய்க்காலை ஒட்டி, பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. உயிரோடிருந்த மீன்களுக்கும் செவுள் கறுத்துக் கோழை கட்டியிருந்தது. சிலதுக்கு முதுகு வளைந்திருந்தது. தண்ணீரைக் கையால் அடித்தாலும் விலகி ஓடவில்லை. ஈயம் சதையில் அதிகம் தங்காது. செவுளிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் போய்ச் சேரும். அந்த அம்மா அதையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டிருந்தார்.

"உங்களைக் காப்பாத்தற சாட்சியைக் கோழிக்குப் போட்டுட்டீங்களே" என்று கத்திவிட்டேன்.

"மீனு வோணும்னுதான சார் சொன்னீங்க. ஈரலு வோணும்னு சொல்லலியே."

நியாயம்தான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மறுபடி வலை போட வைத்து, முழு மீன்களைத் தனித்தனிக் கவரில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தோம். கழுவிய மீனில் ஒன்றையும் வீம்புக்குச் சேர்த்துக்கொண்டேன். திருக்கோவிலூரில் ரயிலேற்றினால் விழுப்புரம் லேப் எடுத்துக்கொள்ளும். மறியலால் பஸ் ஓடவில்லை. ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும்.

மூன்றாவது மரத்தடியில் இருபது பேர் நின்றிருந்தார்கள்.

"பொட்டில இன்னா?"

"மீன்" என்றேன்.

"ஊரே மறியல்ல கெடக்குது, ஆபீஸருக்கு மீன் கொழம்பு கேக்குதா?" என்று ஒருவர் சிரித்தார்.

ஏழுமலை முன்னால் வந்தார். "துண்றதுக்கு இல்லபா. ஏரில நான் மருந்து வச்சேன்றாங்க. நான் வைக்கலன்னு இந்த மீனுதான் சொல்லணும். ஐஸு கரையுது, வுடுங்க."

சிரித்தவர்தான் முதலில் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மெதுவாக வைத்தார்கள்.

விசாரணை அன்று காலையில் ரிப்போர்ட் வந்தது. செவுளிலும் ஈரலிலும் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. கொட்டகையை மூடச் சொன்னார்கள். தண்ணீர் தேறும்வரை மீன் பிடிக்கத் தடை, ஆனால் குத்தகை ஏழுமலை பேரிலேயே இருந்தது. கடைசி வரியில் கழுவிய மீனின் முடிவு: ஈயம் குறிப்பிடும்படி இல்லை. முதல் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பியிருந்தால், நானே கையெழுத்துப் போட்டு அவரைக் குற்றவாளியாக்கியிருப்பேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். சாம்பிள் கேட்கும்போது, அது எதற்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். தடை நீங்கிய பிறகு அந்த ஏரிக்குப் போனேன். ஏழுமலையின் மனைவி கத்தியைக் கையில் எடுக்குமுன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இது துண்றதுக்கா, டெஸ்டுக்கா?"